வட தாய்லாந்துப் பண்ணையில் தன்னார்வலராகத் தங்குவது: என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சியாங் மாய் நகரத்துக்கு வடக்கே மே தெங் பக்கத்தில் ஒரு சின்ன இயற்கை விவசாயப் பண்ணையில் இரண்டு தடவை தங்கியிருக்கிறேன். முதல் தடவை நவம்பரில் மூன்று வாரம், அடுத்த ஆண்டு ஜூன் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை. திரும்பி வந்ததிலிருந்து தோழிகள், தோழிகளின் தம்பிகள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

சம்பளம் தருவாங்களா, இல்ல நாம பணம் கட்டணுமா?

சம்பளம் கிடையாது. பல இடங்களில் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் சேர்த்து ஒரு நாளைக்குச் சில நூறு பாட் (தாய்லாந்துப் பணம்) நாம்தான் கட்ட வேண்டியிருக்கும். இதைக் கேட்டதும் "உழைக்கவும் செய்யணும், காசும் குடுக்கணுமா" என்று கோபம் வருகிறது. 1971-ல் இங்கிலாந்தில் சூ கோப்பார்ட் தொடங்கிய, இயற்கைப் பண்ணைகளில் தன்னார்வலரைச் சேர்த்துவிடும் வூஃப் (WWOOF) ஏற்பாட்டில் உழைப்புக்குப் பதில் சோறும் இடமும்தான், நடுவில் பணம் கிடையாது. அதைக் கேள்விப்பட்டுவிட்டு வருகிறவர்களுக்குத்தான் இந்த ஏமாற்றம் அதிகம்.

ஆனால் முதல் இரண்டு வாரம் நாம் செய்து கொடுக்கும் வேலையைவிட நமக்குச் சொல்லிக் கொடுக்க அந்த வீட்டுக்காரர்கள் செலவழிக்கும் நேரம் அதிகம். நான் முதலில் நட்ட பாத்தியை வீட்டு அம்மா சாயங்காலம் பாதிக்கு மேல் பிடுங்கித் திரும்ப நட்டார், நாற்றை ஆழமாகப் புதைத்திருந்தேன். அரிசி, காய், கரண்ட், அவர்களுடைய நேரம் எல்லாவற்றுக்கும் விலை இருக்கிறது, அதனால் நியாயமான தொகை கேட்டால் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எது நியாயமில்லை என்பதைக் கீழே, பண்ணை சரியில்லாத கேள்வியில் சொல்கிறேன்.

எந்த மாசம் போனா நல்லது?

நவம்பர் முதல் ஜனவரி வரை. மழை விட்டு, வெயில் இதமாக இருக்கும், நெல் அறுவடையும் அப்போதுதான். இரவில் மலையடிவாரத்தில் நன்றாகவே குளிரும், ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். நடவு பார்க்க வேண்டும் என்றால் ஜூன் கடைசி, ஜூலை. உடம்பெல்லாம் சேறாகும், துணி காயாது, ஆனால் நான் அதிகம் கற்றுக்கொண்டது அந்த மாதங்களில்தான். ஜூலை, ஆகஸ்டில் லோங்கன் என்ற, லிச்சி மாதிரியான பழத்தின் பறிப்பும் நடக்கும்.

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வேண்டாம். அது வயலும் காடும் எரியும் புகைக் காலம். மார்ச் மாதத்தில் உலகிலேயே காற்று மோசமான நகரங்களின் வரிசையில் சியாங் மாய் முதலிடத்துக்கு வந்துவிடும் நாட்கள் உண்டு. ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு இருக்கிறதே என்று ஆசைப்படுகிறவர்கள், ஆஸ்துமா இருந்தால், இன்னொரு தடவை யோசியுங்கள்.

எனக்கு விவசாயமே தெரியாது. சேத்துப்பாங்களா?

சேர்த்துக்கொள்வார்கள், பெரும்பாலும் வருகிறவர்கள் யாருக்குமே தெரியாது. தெரிய வேண்டியது, சொன்ன வேலையைச் சொன்ன நேரத்துக்குத் தினமும் செய்வது. கோழிக்குத் தீனி வைக்கிற பொறுப்பு உங்களுடையது என்றால் ஞாயிற்றுக்கிழமையும் உங்களுடையதுதான்.

அப்புறம், தெரியாது என்று நாம் நினைக்கும் பலது கைக்குத் தெரியும். 'கிரதோங்' என்று வட்டமான மூங்கில் தட்டு இருக்கிறது, அதில்தான் புடைப்பார்கள். பாட்டி முறத்தில் புடைத்ததைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது ஒரே நாளில் வந்துவிட்டது, ஜெர்மனியிலிருந்து வந்திருந்த பையன் ஒரு வாரம் கஷ்டப்பட்டான். அந்த ஒரு வேலையால்தான் அடுப்படிக்குள் என்னை முதலில் கூப்பிட்டார்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

ஐந்தரைக்கு எழுந்தால் சரியாக இருக்கும். அதற்குள் வீட்டு அம்மா முந்தைய இரவு ஊறப்போட்ட பசையரிசியை மூங்கில் கூடையில் வைத்து, பானை வாயில் ஏற்றி ஆவியில் வேகவைத்துக்கொண்டிருப்பார். நம் முதல் வேலை தண்ணீர் விடுவது, வெயில் ஏறுவதற்குள் நாற்றங்காலும் கீரைப் பாத்திகளும் முடிய வேண்டும். பிறகு சாப்பாடு. ஏழரையிலிருந்து பதினொன்று வரை பெரிய வேலை: களையெடுப்பது, வைக்கோல் மூடாக்குப் போடுவது, சாணியும் உமியும் இலைதழையும் அடுக்கி மக்கு உரக் குவியல் போடுவது, ஏற்கெனவே போட்டதைப் புரட்டுவது, உமியைக் கரியாகச் சுட்டு நாற்று மண்ணில் கலப்பது. மண்வெட்டிக் காம்பு நம் ஊரில் இருப்பதைவிட நீளம், குனியாமல் வெட்டலாம், ஆனால் தோள் வலி வேறு இடத்தில் வரும்.

பதினொன்றிலிருந்து மூன்று வரை யாரும் வெயிலில் நிற்பதில்லை. தூங்கலாம், துணி துவைக்கலாம். மூன்றுக்கு மேல் இலேசான வேலை, விதை பிரிப்பது, காய் பறிப்பது, மறுநாள் சந்தைக்குக் கட்டுவது. வள்ளைக்கீரையை மூங்கில் நாரால் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டுவார்கள், ஒரே அளவில் இருக்க வேண்டும், அதில் அவர்கள் ரொம்பக் கறார். ஆறு மணிக்குக் குளித்து, சாப்பிட்டு, எட்டரைக்கு எல்லாரும் படுத்துவிடுவார்கள்.

எனக்கு மறக்காத நாள் என்றால் வாய்க்கால் தூர்வாரிய நாள்தான். வட தாய்லாந்தில் 'முவாங் ஃபாய்' என்று பல நூறு ஆண்டுகளாக நடக்கும் பாசன ஏற்பாடு ஒன்று உண்டு. ஓடையின் குறுக்கே அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, ஊரே சேர்ந்து பராமரிக்கிறது. நடவுக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு ஆள் போய் வாய்க்காலைச் சுத்தம் செய்ய வேண்டும், போகாத வீட்டுக்கு அபராதம். நம் குடிமராமத்து மாதிரிதான், ஆனால் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த வருடம் எங்கள் வீட்டிலிருந்து வீட்டு ஐயா போனார், நானும் கூடப் போனேன். இடுப்பளவு தண்ணீரில் நாற்பது பேர் வரிசையாக நின்று செடியும் சேறும் வாரி மேலே எறிந்தோம். நடுப்பகலில் வாய்க்கால் தலைவர் வந்து எங்கள் வீட்டுப் பெயரைப் படித்து இரண்டு பேர் என்று குறித்துக்கொண்டார்.

நான் சுத்த சைவம். பட்டினி கெடக்கணுமா?

இல்லை, ஆனால் முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் வரும். "மீனும் வேண்டாம்" என்றால் 'நாம் ப்லா' என்ற மீன் சாறும், 'கபி' என்ற இறால் விழுதும் குழம்பில் இருக்கும், அதை அவர்கள் உப்பு மாதிரிதான் நினைக்கிறார்கள், மறைத்து வைத்து ஏமாற்றுவதாக நினைக்காதீர்கள். இரண்டு சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். 'மங்ஸவிரட்' என்றால் புலால் உண்ணாதவர், 'மாம்சம்' அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது பாருங்கள். அதைவிடக் கறாரானது 'ஜே': புலால் கிடையாது, மீன் சாறு, முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயமும் கிடையாது. சிவப்பும் மஞ்சளுமாக ஜே எழுத்துப் போட்ட கொடி இருக்கிற கடையில் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம்.

வட பகுதியில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது, 'துவா நாவ்' என்று சோயாவைப் புளிக்கவைத்து, அப்பளம் மாதிரித் தட்டி வெயிலில் காயவைத்த வில்லைகள். இறால் விழுதுக்குப் பதில் அதைச் சுட்டு இடித்துப் போட்டால் குழம்புக்கும் துவையலுக்கும் அந்த ஆழமான ருசி வந்துவிடும். வாசனை முதல் நாள் பிடிக்காது, மூன்றாவது நாள் நீங்களே கேட்பீர்கள். சுட்ட பச்சைமிளகாயை இடித்துச் செய்யும் 'நாம் ப்ரிக் நும்' துவையலை, மீன் சாறு விடாமல் உப்புப் போட்டுச் செய்யச் சொன்னால் செய்து கொடுப்பார்கள். பசையரிசியைக் கையால் உருட்டி அதில் தொட்டுச் சாப்பிட வேண்டும். நம் ஊர்ச் சோறு மாதிரிப் பிசையாதீர்கள், சின்ன உருண்டை, ஒரு வாய்க்கு ஒன்று.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒன்று. விருந்துகளில் வேகாத பன்றி இறைச்சியும் இரத்தமும் சேர்த்த 'லாப்' வைப்பார்கள். அன்பாகத்தான் கொடுப்பார்கள், இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பச்சைப் பன்றி இறைச்சியிலிருந்து தொற்றும் ஒரு கிருமி மூளைக்காய்ச்சலை உண்டாக்கும், பிழைத்தாலும் காது போய்விடலாம். வடக்கே இது அவ்வப்போது நடக்கிறது.

அவங்க பாஷை தெரியாம எப்படிச் சமாளிக்கிறது?

முதலில் உறவு முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள், மீதி தானாக வரும். நம்மைப் போலவே அவர்களும் யாரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நம்மைவிட மூத்தவர் 'பீ', இளையவர் 'நோங்'. அப்பா அம்மாவுக்கு மூத்த வயதுடைய ஆண் 'லுங்', பெண் 'பா', நம் பெரியப்பா பெரியம்மா மாதிரி. இனிமேல் நான் லுங், பா என்று எழுதினால் எங்கள் வீட்டு ஐயாவும் அம்மாவும்தான். பார்த்ததும் அவர்கள் கேட்பது "கின் காவ் ரூ யாங்", அதாவது "சாப்பிட்டாச்சா". இந்த ஒரு கேள்வியில் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

வயதானவர்கள் வீட்டில் பேசுவது பாங்காக் மொழி அல்ல, 'கம் முவாங்' என்ற வட மொழி. சாப்பாடு நன்றாக இருந்தால் அதில் 'லம்' என்று சொல்ல வேண்டும். நான் முதல் தடவை அப்படிச் சொன்னபோது பா பக்கத்து வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

பாத்ரூம், வெந்நீர்லாம் இருக்குமா?

குந்தி உட்காரும் கழிப்பறை, தொட்டித் தண்ணீர், மொண்டு ஊற்ற ஒரு கிண்ணம். நமக்குப் பழகியதுதான். வெந்நீர் இருக்காது, குளிர் மாதங்களில் மத்தியானமே குளித்துவிடுங்கள்.

பாம்பு, கொசு, அட்டை... பயமா இருக்கு. என்ன தடுப்பூசி போடணும்?

டெட்டனஸ் ஊசி கட்டாயம். மற்றதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், தெரு நாய்கள் நிறைய இருப்பதால் ரேபிஸ் பற்றியும் கேளுங்கள். டெங்குக் கொசு பகலில் கடிக்கும், வலை போதாது, முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். பாம்பு உண்டு, நாகமும் பச்சை விரியனும். கையை விட்டுத் துழாவாமல் குச்சியால் தட்டிவிட்டு வைக்கோலை எடுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், 1669 ஆம்புலன்ஸ், நேராக அரசு மருத்துவமனை.

பாம்பைவிட நான் பயப்படுவது சேற்றுக்கு. நடவு வெறுங்காலில்தான், பூட்ஸ் போட்டால் சேறு பிடித்து இழுத்துக்கொள்ளும். காலில் கீறல் இருந்தால் அன்று வயலில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் மெலியாய்டோசிஸ் கிருமியும் தாய்லாந்தில் உண்டு, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது ரொம்ப ஆபத்து. நம்மில் முப்பத்தைந்து வயதிலேயே பலருக்குச் சர்க்கரை இருக்கிறது, போகும் முன் பார்த்துவிடுங்கள். இருந்தால் சேற்று வேலை வேண்டாம் என்று சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பொண்ணு தனியா போகலாமா? வீட்ல விட மாட்டேங்கறாங்க.

நான் தனியாகத்தான் போனேன். பண்ணையிலும் கிராமத்திலும் எனக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. ஆனால் இடம் தேர்ந்தெடுக்கும்போது கேட்டுத் தெரிந்துகொண்டேன்: அந்த வீட்டில் பெண்கள் இருக்கிறார்களா, அறைக்குத் தாழ்ப்பாள் உண்டா, முன்பு தங்கிய இரண்டு பெண்களிடம் பேச முடியுமா. பேச விட மறுத்த ஒரு இடத்தை விட்டுவிட்டேன்.

வீட்டில் பயப்பட வேண்டியது பைக்குக்குத்தான். உலகிலேயே சாலை விபத்துச் சாவு அதிகமுள்ள நாடுகளில் தாய்லாந்தும் ஒன்று, சாகிறவர்களில் பெரும்பாலோர் இரு சக்கர வண்டிக்காரர்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் வாடகை ஸ்கூட்டர் எடுத்தால் விபத்துக்குக் காப்பீடும் பொதுவாகக் கைவிரித்துவிடும். நகரத்துக்கு வர வேண்டுமா, 'சொங்தேவ்' என்ற ஷேர் வண்டி இருக்கிறது, சாங் ப்வாக் பேருந்து நிலையம் வரை வரலாம்.

போன இடம் சரியில்லைன்னா என்ன பண்றது?

கிளம்பிவிடுங்கள். நான் இரண்டாம் பயணத்துக்கு முன் வேறொரு இடத்துக்குப் போனேன், இயற்கை விவசாயம் என்று சொன்னார்கள், நான்கு நாளும் காலையிலிருந்து இருட்டும் வரை விருந்தினர் அறைகளுக்குச் சிமென்ட் கலவை சுமந்தேன், செடி ஒன்றைக்கூடத் தொடவில்லை, அதற்கு நாளொன்றுக்குப் பணமும் கட்டினேன். ஐந்தாம் நாள் காலையில் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். முன்பணமாகக் கொடுத்த ஒரு மாதத் தொகை திரும்பவில்லை, அதனால் வாரக் கணக்குக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, வீட்டுக்காரர்களும் கூடவே அதே வேலையைச் செய்வது, இந்த மூன்றும் இருந்தால் நல்ல இடம். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்.

டூரிஸ்ட்டா போய் வாலண்டியரா இருந்துட்டா என்ன? காசு வாங்கலையே?

இதுதான் எல்லாரும் மெல்லக் கேட்கும் கேள்வி. சம்பளம் வாங்கவில்லை என்பது தப்பிக்க வழி அல்ல. தாய்லாந்தில் தன்னார்வ வேலைக்கு அதற்கான நான்-இமிகிரண்ட் 'ஓ' விசாவும் வேலை அனுமதியும் வேண்டும், அதற்குப் பதிவு பெற்ற அறக்கட்டளை கடிதம் கொடுக்க வேண்டும். அனுமதியில்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்காரரும் மாட்டிக்கொள்வார், அவருக்கு அபராதம் அதைவிட அதிகம். "எல்லாரும் அப்படித்தானே போறாங்க" என்பார்கள். போகிறார்கள்தான். எனக்கு மனம் வரவில்லை, மூன்று வேளை சோறு போடுகிறவரைச் சிக்கலில் மாட்டிவிட்டு வருவது சரியில்லை.

நான் முதல் தடவை பண்ணை நடத்திய பயிற்சிக்குப் பணம் கட்டிய ஆளாகப் போனேன், கற்றுக்கொள்ளும் விருந்தினர், அவ்வளவுதான். இரண்டாவது தடவை ஓர் அறக்கட்டளை மூலம் விசா வாங்கினேன், தாள்கள் சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. விசா இல்லாமல் இந்தியர்கள் தங்கும் காலத்தை 2024 ஜூலையில் 60 நாளாக்கினார்கள், இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் போடும் முன் சென்னையில் இருக்கும் தாய்லாந்துத் துணைத் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள். 2025 மே மாதத்திலிருந்து எல்லாரும் வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், அது இலவசம், பணம் கேட்கும் தளம் போலி.

நாம சும்மா வேலை செஞ்சா அங்க கூலிக்காரங்க பொழப்பு போகாதா?

போகலாம், அதனால் இதை யோசிக்காமல் போகாதீர்கள். 2025 ஜனவரி நிலவரப்படி குறைந்தபட்ச தினக்கூலி மாகாணத்துக்கு மாகாணம் 337 முதல் 400 பாட் வரை. சியாங் மாய் வயல்களிலும் பழத் தோட்டங்களிலும் அந்தக் கூலிக்கு நிற்பவர்களில் பலர் மியான்மரிலிருந்து பிழைக்க வந்த ஷான் மக்கள். சந்தைக்காக லோங்கன் பறிக்கிற பெரிய தோட்டத்தில் தன்னார்வலர் இருபது பேரை ஏற்றினால் இருபது பேர் கூலி போகிறது, அதில் சந்தேகமே இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்குப் போகாதீர்கள்.

வீட்டுத் தேவைக்கும் கொஞ்சம் சந்தைக்கும் பயிரிடும் குடும்பத்தில் கணக்கு வேறு. அங்கே நடவை 'ஆவ் மூ' முறையில் செய்கிறார்கள், இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ. லுங்குக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, பிள்ளைகள் பாங்காக்கில். ஜூலையில் நான் ஐந்து வீட்டு வயல்களில் நட்டேன், அவர்கள் எல்லாரும் திரும்பி வந்து எங்கள் வயலில் நட்டார்கள். என் கை மெதுவானது என்பதால் என்னுடைய ஒரு நாளை அரை நாளாகத்தான் கணக்கு வைத்தார்கள், அது சரியான கணக்கும்கூட.

புகை அவ்வளவு மோசம்னா, எரிக்காதீங்கன்னு நாம சொல்லக் கூடாதா?

புகைக் காலம் பற்றி இரண்டாவது கேள்வியிலேயே சொன்னேன். யார் ஏன் எரிக்கிறார்கள் என்று தெரியாமல் சொல்லக் கூடாது. மலைச்சரிவுகளில் கால்நடைத் தீவனத்துக்காக மக்காச்சோளம் போடுகிறார்கள், டிராக்டர் ஏறாத சரிவில் தட்டையை அப்புறப்படுத்த மலிவான வழி தீ. காட்டுத் தரையில் 'ஹெத் தோப்' காளானுக்காகவும் எரிக்கிறார்கள், மழை தொடக்கத்தில் அதற்கு நல்ல விலை. மியான்மர், லாவோஸ் பக்கமிருந்தும் புகை வருகிறது. கடனில் மக்காச்சோளம் போட்டவரிடம் மூன்று வாரம் தங்க வந்தவர் போய் அறிவுரை சொல்வதில் அர்த்தமில்லை.

நம்மால் ஆனது, நாம் இருக்கும் பண்ணையின் வைக்கோலையும் சருகையும் எரியவிடாமல் மக்கவைப்பது. மூடாக்குக்கு ஆள் தேவை, அந்த வேலைக்கு நாம் இருக்கிறோம். பக்கத்து வயல்காரர் ஒருவர் எரிப்பதாக இருந்த வைக்கோலை நாங்கள் போய்ச் சுமந்து வந்தோம், பதினோரு நடை.

நம்ம ஊர் நாட்டு விதை கொண்டு போய்க் குடுக்கலாமா? இல்லன்னா என்ன வாங்கிட்டுப் போறது?

விதை வேண்டாம். அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் கொண்டு போவதும் தப்பு, அங்கிருந்து கொண்டு வருவதும் தப்பு, நோய் எதில் ஒட்டி வரும் என்று தெரியாது. எனக்கும் பாவின் நீளப் பயற்றங்காய் விதை மேல் ரொம்ப ஆசைதான், கொடுத்தார், வாங்கவில்லை.

அடுக்குப் பாத்திரம் கொண்டு போகலாம் என்று ஒருத்தி கேட்டாள், அவர்களிடமே 'பின்தோ' என்று அதே அடுக்கு இருக்கிறது. நான் ஈரோட்டுக் கட்டம் போட்ட துண்டு கொண்டு போனேன். அங்கே ஆண்கள் 'பா காவ் மா' என்று அதே மாதிரிக் கட்டத் துணியைத் தலையில் கட்ட, இடுப்பில் கட்ட, வியர்வை துடைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறார்கள். லுங் கையில் வாங்கியதும் நூலை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு இடுப்பில் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். வீட்டில் எத்தனை பேரோ அதைவிட இரண்டு மூன்று அதிகமாகவே எடுத்துப் போங்கள், பக்கத்து வயல்காரர்களும் கேட்பார்கள்.